வேடியப்பனுக்கு ட்ரான்ஸ்பர்

அந்தப் பையைக் கொஞ்சம் உங்க மடியில வச்சுக்கிறீங்களா சார்? மேல வச்சா இந்த டிரைவர் போடுற பிரேக்குக்கு நேரா நம்ம தலையிலதான் விழும். கீழ வச்சா யாராவது மிதிச்சிடுவாங்க. உள்ள கேழ்வரகு முறுக்கு சார். என் சம்சாரம் ஸ்டெல்லா சுட்டது. உடைஞ்சு போனா சாப்பிடப் போறவன் ஒண்ணும் சொல்ல மாட்டான். ஆனா நான் வீட்டுக்குத் திரும்பினதும் இவ கேட்பா, முழுசாப் போய்ச் சேர்ந்துச்சான்னு. பொய் சொன்னா என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவா.

மெட்ராசுக்குத்தான் போறேன். ஒரு ஆஸ்பத்திரிக்கு. எந்த ஆஸ்பத்திரின்னு சத்தமாச் சொன்னா முன் சீட்டுக்காரங்க எல்லாம் திரும்பிப் பார்ப்பாங்க. போன தடவை அப்படித்தான் ஆச்சு. பக்கத்துல ஒரு பெரியவர். "மனநோய் ஆஸ்பத்திரிக்குப் போறேன்"னு வாயைத் திறந்து சொல்லிட்டேன். "உறவுக்காரங்க யாராவதா?"ன்னு கேட்டார். "இல்லை, நான் மட்டும்தான்"னேன். நான் தனியாப் போறேன்னு சொன்னேன் சார். அவர் வேற மாதிரி எடுத்துக்கிட்டார். நைசா எழுந்து போய்ப் படிக்கட்டுப் பக்கம் நின்னுக்கிட்டு, விழுப்புரம் தாண்டியும் உட்காரவே இல்லை, பாவம்.

நீங்க அசையலை. நல்ல மனுஷன். பரவாயில்லை, உங்ககிட்ட சொல்லலாம்.

என் பேரு அற்புதராஜ். ஜெயில்ல வார்டர் வேலை. இதையும் பார்த்துத்தான் சொல்லணும். சின்ன வயசுல பொண்ணு பார்க்கப் போன ஒரு வீட்டுல, "மாப்பிள்ளை எங்க இருக்கார்?"னு கேட்டாங்க. எங்க மாமா பெருமையா "ஜெயில்ல இருக்கார்"னுட்டார். உள்ள போன காப்பி வெளியவே வரலை சார். அந்த ஜெயிலு எது, எந்த ஊருன்னு மட்டும் கேட்காதீங்க. இன்னும் பென்ஷன் வாங்கணும்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். கைதிங்க மேல பாசம் காட்டுற ஆளு நான் இல்லை. அப்படிக் காட்டினா பொழைக்க முடியாது. எனக்கு இதுல இருக்குறது ஒரே ஒரு வருத்தம்தான். நடந்த ஒரு விழாவை நடக்கவே இல்லைன்னு எங்க ஜெயிலர் கோதண்டபாணி சொல்லிட்டார். அந்த விழாவுல எல்லாரையும் விட அதிக நேரம் பேசினதே அவர்தான். இது நியாயமா? நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

வேடியப்பன்னு ஒருத்தன். தர்மபுரிப் பக்கம் ஒரு அணைக்கட்டுல மதகு பார்த்துக்கிற வேலை. ஷட்டர் ஏத்துறது, இறக்குறது, தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு பார்த்து ஆபீசுக்குச் சொல்றது. வேலைன்னா கவர்மெண்ட் வேலை இல்லை. தினக்கூலி. தலைமுடி கறுப்பா இருந்தப்பச் சேர்ந்தவன், நரைச்சு முடியற வரைக்கும் தினக்கூலிதான். "அடுத்த வருஷம் பர்மனென்ட் ஆக்கிடுவோம்"னு சொல்லிச் சொல்லியே வச்சிருந்திருக்காங்க. ஒரு நாள் புதுசா வந்த ஒரு அதிகாரி, "நாளையிலேருந்து நீ வர வேணாம்யா"ன்னு சொல்லிட்டார். இவன் கையில ஷட்டர் சுத்துற இரும்புக் கம்பி இருந்திருக்கு. மண்டையில ஒரு போடு. அந்த ஆள் பொழைச்சிட்டார், தையலோட போச்சு. இவன் எங்ககிட்ட வந்துட்டான்.

வந்த புதுசுல ஒரு தொந்தரவும் இல்லை. இருக்கிற இடம் தெரியாது. ஒரு ஐப்பசி மழையிலதான் ஆரம்பிச்சது. விடாம மழை. செல்லுக்குள்ள பின்பக்கச் சுவத்துல காதை வச்சுக்கிட்டு நிக்கிறான். "என்னய்யா?"ன்னேன். "தண்ணி ஏறுது சார்"ங்கிறான். அந்தச் சுவத்துக்குப் பின்னால அரிசி குடோன் சார்! அரிசி மூட்டையும் எலியும்தான் இருக்கு, ஒரு குழாய் கூடக் கிடையாது. கூட்டிட்டுப் போயே காட்டினேன். மூட்டையை எல்லாம் தொட்டுப் பார்த்துட்டு, "இதெல்லாம் நனையப் போகுதே"ன்னு கவலைப்பட்டான்.

மழை விட்டுச்சு. இவன் விடலை. சுவத்தை விட்டு நகர மாட்டேங்கிறான். படுக்க மாட்டான், உட்கார மாட்டான். கால் ரெண்டும் வீங்கிப் போச்சு. சாப்பாட்டுத் தட்டை வாங்கக் கதவுப் பக்கம் வரணும் இல்ல? வந்தா அந்த நேரத்துல தண்ணி ஏறிடுமாம். அதனால சாப்பாடும் போச்சு. நான் டூட்டியில இருந்தா உள்ள போய், சோத்தை உருண்டை பிடிச்சுக் கையில குடுப்பேன். சுவத்தைப் பார்த்துக்கிட்டே ரெண்டு வாய் தின்பான். இது பாசம் இல்லை சார். என் டூட்டியில ஒருத்தன் பட்டினியில செத்தான்னா பதில் சொல்ல வேண்டியது நான்தானே.

வாராவாரம் வர மனநல டாக்டரம்மா ஒருத்தங்க உண்டு. நூர்ஜஹான்னு பேரு. அதட்டிப் பேசத் தெரியாது, ஆனா அவங்க சொன்னா ஜெயிலரே கேட்பார். அவங்க பார்த்துட்டு, "இங்க வச்சு முடியாது. மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். அங்க கைதிங்களுக்குன்னே பூட்டுப் போட்ட வார்டு இருக்கு"ன்னு எழுதி, மேல எங்கெங்கயோ பேசி, ஒரு படுக்கையும் பிடிச்சிட்டாங்க.

கைதியைக் கூட்டிட்டுப் போற வழிக்காவல் போலீஸ் வேனோட வந்து நின்னுச்சு. இவன் வரமாட்டேன்னுட்டான். ரெண்டு போலீஸ்காரங்க கையைப் பிடிச்சு இழுக்கிறாங்க. ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, "ஷட்டரை யார் பார்ப்பா? ஷட்டரை யார் பார்ப்பா?"ன்னு கத்துறான். கத்துற சத்தத்துல அந்த பிளாக்கே எழுந்து நின்னுடுச்சு. நெத்தி கம்பியில மோதி ரத்தம். டாக்டரம்மா ஓடி வந்து, "விடுங்க, விடுங்க! இப்படி இழுத்துட்டுப் போனா அங்க போயும் இவர் யாரையும் நம்ப மாட்டார்"னு சொல்லி நிறுத்திட்டாங்க. வேன் காலியாத் திரும்பிப் போச்சு.

வழிக்காவல் கிடைக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்லை சார். திருவிழா பந்தோபஸ்து, மந்திரி வர பந்தோபஸ்து எல்லாம் போக மிச்சம் இருந்தாத்தான் கைதிக்கு. அடுத்த புதன்கிழமைன்னு சொன்னாங்க. படுக்கையும் அது வரைக்கும்தான். அதுக்குப் பின்னால காத்துக்கிட்டு இருக்கிற வேற யாருக்காவது போயிடும். டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, "அற்புதராஜ், இந்த உடம்பு இன்னும் ரொம்ப நாள் தாங்காது. உங்ககிட்டதான் நாலு வார்த்தை பேசுறார். நீங்க சொல்லிப் பாருங்க"ன்னாங்க. என்கிட்ட மட்டும் ஏன் பேசுறான்னு எனக்கே தெரியலை சார். நானா போய்ப் பேச்சுக் குடுக்கிறதே கிடையாது. அவன் எந்த ஊரு, அம்மா எப்போ செத்தாங்க, பொண்டாட்டி யார்கூடப் போனா, மூத்த பொண்ணு ஓசூர்ல எந்தக் கம்பெனியில வேலை பார்க்குது, இதுக்கு மேல அவனைப் பத்தி எனக்கு எதுவும் தெரியாது.

சரின்னு போய் நின்னேன். என்ன சொல்றதுன்னு ஒண்ணும் தோணலை. எங்க ஜெயில்ல ஒருத்தரை இங்கேருந்து அங்க அனுப்பினா எல்லாத்துக்கும் ஒரே வார்த்தைதான். அந்தப் பழக்கத்துல சொன்னேன். "வேடியப்பா, உனக்கு ட்ரான்ஸ்பர் வந்திருக்குய்யா."

சுவத்துலேருந்து காதை எடுத்தான் சார். அத்தனை நாள்ல முதல் தடவையா என் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தான்.

"யாருக்கு?"

"உனக்குத்தான்."

"ட்ரான்ஸ்பரா? எனக்கா?"

"ஆமாய்யா. ஆர்டரே வந்தாச்சு."

வாயைப் பொத்திக்கிட்டான். அப்புறம் மெதுவாக் கேட்டான். "சார்... பர்மனென்ட் ஆளுக்குத்தானே சார் ட்ரான்ஸ்பர் வரும்? தினக்கூலிக்கு வராதே. தினக்கூலியை வர வேணாம்னுதானே சொல்லுவாங்க?"

எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் புரியலை. புரிஞ்சப்போ, நான் என்ன செய்யணும்? நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? "ஆமாம்"னேன். அவ்வளவுதான். இதுல நான் பொய் சொன்னேன்னு யாரும் சொல்ல முடியாது. ட்ரான்ஸ்பர்னுதான் ஆர்டர்லயே இருந்துச்சு.

"எந்த ஊருக்கு?"

"மெட்ராசுக்கு."

"ஹெட் ஆபீசா!"ன்னான். அந்த முகத்துல வந்த வெளிச்சத்தை நான் சொல்லி உங்களுக்குப் புரிய வைக்க முடியாது சார்.

அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். கவர்மெண்ட் ஆள் ஆயிட்டான் இல்ல, உடனே கவர்மெண்ட் ஆள் மாதிரியே ஆரம்பிச்சிட்டான். சார்ஜ் ஒப்படைக்காமப் போக மாட்டானாம். பிரிவு உபசார விழா இல்லாமலும் போக மாட்டானாம். "எத்தனை பேருக்கு நான் நாற்காலி போட்டிருக்கேன் தெரியுமா? மாலை வாங்கிட்டு வரதும் நான், மிக்சர் வாங்கிட்டு வரதும் நான், கடைசியில எச்சில் டம்ளர் கழுவுறதும் நான். இப்ப எனக்குன்னு ஒண்ணு வந்திருக்கு. சும்மா போயிடறதா?"ன்னான். நியாயம்தானே?

சார்ஜ் யார்கிட்ட ஒப்படைக்கிறதுன்னு சுத்திப் பார்த்தான். என்னைத் தவிர அங்க யாரும் இல்லை. "நீ எடுத்துக்கிறியா தம்பி?"ன்னான். கவனிங்க சார், தம்பி! அது வரைக்கும் சார், சார்னு இருந்தவன், பர்மனென்ட் ஆனதும் நான் அவனுக்கு ஜூனியர் ஆயிட்டேன்.

சரி, எடுத்துக்கிறேன்னேன். காதைச் சுவத்துல எப்படி வைக்கணும்னு சொல்லிக் குடுத்தான். மூச்சை அடக்கணும். கையை இப்படிக் குவிச்சுக்கணும். சத்தம் கனமா வந்தா முதல்ல கீழ இருக்கிற ஊருங்களுக்குச் சொல்லணும், ஆடு மாடு ஓட்டிக்கிட்டு மேட்டுக்குப் போகச் சொல்லணும். "இங்க கீழ எந்த ஊர்யா இருக்கு?"ன்னு கேட்டுட்டேன்.

"என்ன தம்பி இப்படிக் கேட்கிற? உங்க வார்டர் குவார்ட்டர்ஸ்தானே தாழ்வு. உடைஞ்சா முதல்ல போறது அதுதான். உன் பொண்டாட்டி புள்ளைங்க தூங்குறாங்களேன்னுதானே நான் கண்ணை மூடலை"ன்னான்.

நானும் இந்த வேலையில எவ்வளவோ பார்த்திருக்கேன் சார். அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டதில்லை. கால் வீங்கி, வயிறு ஒட்டி, ஒருத்தன் என் குடும்பத்துக்காக நின்னிருக்கான். இல்லாத தண்ணிதான். ஆனா நின்னது நிஜம்தானே? அன்னிக்கு வீட்டுக்குப் போய் ஸ்டெல்லாகிட்ட சொன்னேன். அவ அடுப்படியில போய் நின்னுக்கிட்டு ஜெபம் பண்ணினா.

இனி விழா. ஜெயிலர்கிட்ட போய்க் கேட்டேன். "என்னய்யா இது, ஜெயிலா கல்யாண மண்டபமா?"ன்னு குதிச்சார். டாக்டரம்மா பக்கத்துலயே நின்னாங்க. "சார், அவர் தானா நடந்து வேன்ல ஏறணும். அதுக்கு எது உதவினாலும் எனக்குச் சம்மதம்"னாங்க. ஜெயிலர் மீசையைத் தடவிக்கிட்டே யோசிச்சிட்டு, "எனக்கு எதுவும் தெரியாது. நான் பார்க்கலை. சீக்கிரம் முடிங்க"ன்னார். அதுதான் அனுமதி.

புதன்கிழமை காலையில அந்த பிளாக் வராந்தாவுல நாற்காலி போட்டோம். தோட்ட வேலை பார்க்கிற கைதிங்க செண்டுமல்லி பறிச்சிட்டு வந்தாங்க. மாலை கட்டறதுல ஒரு சிக்கல். புத்தி சரியில்லாத கைதி கழுத்துல நூல் போடக் கூடாது. சுருக்கு மாட்டிக்கிட்டா? அதனால வாழை நார்ல, தொட்டா அறுந்து போற மாதிரி கட்டினோம். அவன் ஒரு கும்பிடு போட்டா நாலு பூ விழும். நெசவுக் கூடத்துல நெய்த துண்டு ஒண்ணுதான் பொன்னாடை. கேண்டீன்லேருந்து மிக்சர்.

பேச்சுக்கு பாண்டுரங்கன்னு ஒரு கைதி. வெளிய இருந்தப்போ மேடை மேடையாப் பேசினவர், போலிப் பத்திரக் கேசுல உள்ள வந்தவர். ஒரு அலுமினிய டம்ளரை மைக் மாதிரி பிடிச்சுக்கிட்டார் பாருங்க! "ஆறு போகும் வழியெல்லாம் சோறு போட்ட கரங்களுக்குச் சொந்தக்காரரே! மதகுகளின் மன்னவரே!"ன்னு ஆரம்பிச்சார். கைதிங்க எல்லாம் கை தட்டுறாங்க. வேடியப்பன் வெட்கத்துல தலையைக் குனிஞ்சிக்கிட்டே இருக்கான், பூ உதிர்ந்துக்கிட்டே இருக்கு.

எதுவும் பார்க்கலைன்னு சொன்ன ஜெயிலர், தொப்பி போட்டுக்கிட்டு ஓரமா வந்து நின்னார். பாண்டுரங்கன் சும்மா இருப்பாரா? "இப்போது நம் மாண்புமிகு ஜெயிலர் அவர்கள்"னு டம்ளரை நீட்டிட்டார். ஜெயிலர் முதல்ல முறைச்சார். அப்புறம் டம்ளரை வாங்கினார். வாங்கினவர் விடலை சார்! தனக்கு எத்தனை தடவை ட்ரான்ஸ்பர் வந்துச்சு, எந்த ஊர்லயும் ஒரு விழா கிடையாது, பெட்டியைத் தூக்கிக்கிட்டு ராவோட ராவாக் கிளம்பிப் போனது, புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் தேடி அலைஞ்சது, எல்லாத்தையும் சொல்லி, "வேடியப்பன், நீங்க குடுத்து வச்சவர்"னு சொல்லி முடிக்கிறப்போ கண்ணைத் துடைச்சுக்கிட்டார். வேன்ல வந்த போலீஸ்காரங்க வாட்சைப் பார்க்கிறாங்க.

அப்புறம் நான் மாலை போட்டுப் பொன்னாடை போர்த்தினேன். ரெண்டு வார்த்தை பேசுன்னாங்க. எனக்குப் பேச வராது. மிக்சர்ல இருந்த மிளகாய்த்தூள் அந்த நேரம் பார்த்துக் கண்ணுல பட்டுடுச்சு, அதனால சீக்கிரம் முடிச்சிட்டேன்.

கடைசியா வேடியப்பன் ஏற்புரை. எழுந்து நின்னான்.  "எல்லாருக்கும் வணக்கம். நான் நாற்காலி போடுறவன். இதுல உட்கார்ந்து பழக்கம் இல்லை. உட்கார வச்சீங்க. நல்லா இருந்துச்சு. தண்ணியை அற்புதராஜ் தம்பி பார்த்துப்பார். நீங்க எல்லாரும் நிம்மதியாத் தூங்கணும்"னான். அவ்வளவுதான். உட்கார்ந்து, மிக்சரைக் கையில எடுத்து, சுவத்தைத் திரும்பிப் பார்க்காம முழுசாத் தின்னான் சார். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கித் தின்னான். டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க.

விழா முடிஞ்சதும் என்ன பண்ணினான் தெரியுமா? பொன்னாடையும் மாலையுமா எழுந்து, நாற்காலியை மடக்க ஆரம்பிச்சிட்டான். பழக்கம்! நான் ஓடிப் போய்க் கையிலேருந்து பிடுங்கினேன். "விழா நாயகன் நாற்காலி தூக்கக் கூடாதுய்யா"ன்னேன். அப்படியாங்கிற மாதிரி பார்த்துட்டு, கையைப் பின்னால கட்டிக்கிட்டு நின்னான். அப்புறம் தானா நடந்து போய் வேன்ல ஏறினான். விலங்கு போட வேணாம்னு டாக்டரம்மா முன்னாடியே சொல்லிட்டாங்க. வாசல்ல நின்ன வார்டருக்கெல்லாம் "வரேன் தம்பி, வரேன் தம்பி"ன்னு ஒரே கும்பிடு. வழி நெடுகப் பூ.

அதோட என் வேலை முடிஞ்சுது. அவன் எப்படி இருக்கான்னு பார்க்கணும்னு எல்லாம் எனக்குத் தோணலை. செருப்பு வாங்கத்தான் மெட்ராசுக்குப் போனேன். "நம்ம ஊர்ல செருப்புக் கடையே இல்லையா?"ன்னு ஸ்டெல்லா கேட்டா. பொம்பளைங்களுக்கு எல்லாத்தையும் குடையணும். போனது போனோம்னு ஆஸ்பத்திரிப் பக்கமும் எட்டிப் பார்த்தேன். அப்போ மாத்திரை மயக்கத்துல படுத்திருந்தான். "தண்ணி எப்படி?"ன்னு மட்டும் கேட்டான். "ஏறலை, மட்டமாத்தான் இருக்கு"ன்னேன். தூங்கிட்டான்.

அடுத்த தடவை போனப்போதான் சார் வினை. ஆள் அடையாளமே தெரியலை. கன்னத்துல சதை வச்சு, வெட்டின முடியும் வழிச்ச முகமுமா உட்கார்ந்திருக்கான். கால் வீக்கம் வத்திப் போச்சு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னு, "வாங்க சார்"னான்.

எனக்கு அந்த 'சார்' என்னமோ மாதிரி இருந்துச்சு.

"சார், சுவத்துல தண்ணி எல்லாம் இல்லை சார். எனக்கு உடம்பு சரியில்லாம இருந்திருக்கு. டாக்டர் பொறுமையா எல்லாம் எடுத்துச் சொன்னார். இன்னும் கொஞ்ச நாள்ல நம்ம ஜெயிலுக்கே திருப்பி அனுப்பிடுவாங்க. மிச்சத் தண்டனையை முடிச்சிட்டா ஓசூருக்குப் போகலாம். பொண்ணு வந்து பார்த்துட்டுப் போச்சு"ன்னான். தெளிவாப் பேசுறான் சார். எனக்கு அப்படியே அவனைத் தூக்கிச் சுத்தணும் போல இருந்துச்சு. பாசம் எல்லாம் இல்லை, ஒரு காரியம் ஜெயிச்சா வர சந்தோஷம்.

அப்புறம் தலையைக் குனிஞ்சிக்கிட்டான். "நான் பர்மனென்டும் ஆகலை இல்ல சார்?"

ஆகலைங்கிற மாதிரி தலையை ஆட்டினேன்.

"தெரியும் சார். கைதியை எப்படி பர்மனென்ட் பண்ணுவாங்க. அதை விடுங்க. ஒண்ணு மட்டும் கேட்கணும். அந்த விழா... அதுவும் எனக்குத் தோணினதுதானா?"

"என்னய்யா சொல்ற? நடந்துச்சுய்யா!"

அவன் நம்பலை. என்ன ஆகியிருக்குன்னா, வந்த புதுசுல இவன் வார்டுல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கான், ஜெயில்ல எனக்கு மாலை போட்டாங்க, ஜெயிலர் டம்ளர்ல பேசினார், அழுதார்னு. யார் சார் நம்புவாங்க? அந்த டாக்டர், நவநீதன்னு ஒரு சின்ன வயசுக்காரர், நல்ல பையன், எதையும் விசாரிக்காம எழுதுற ஆள் இல்லை. ஜெயிலுக்கே போன் போட்டுக் கேட்டிருக்கார். எங்க நூர்ஜஹான் டாக்டரம்மா அப்போ பார்த்துப் பிரசவ லீவுல. ஜெயிலர்தான் பேசியிருக்கார். விதிமுறைக்கு விரோதமா விழா நடந்துச்சான்னு யாரோ மேலிடத்துலேருந்து கேட்கிறதா பயந்துக்கிட்டு, "அப்படி எதுவும் நடக்கலை. இது ஜெயில்"னு சொல்லிட்டார். அந்த மகராசன் கண் கலங்கிப் பேசினதை நான் என் கண்ணால பார்த்தேன்!

"வேடியப்பா, என் மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"ன்னேன்.

"ட்ரான்ஸ்பர்னு சொன்னதும் நீங்கதானே சார்"னான். கோவமாச் சொல்லலை. அதான் தாங்க முடியலை. "என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க. பரவாயில்லை சார். இல்லாததை இல்லைன்னு பழகிக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். தண்ணியை விட்டுட்டேன். இதையும் விட்டுடறேன். இதை விடறதுதான் கொஞ்சம் கஷ்டமா இருக்கு."

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். அவன் ஆயுசுலயே அவனை உட்கார வச்ச ஒரே ஒரு நாள் சார் அது. அதையும் பைத்தியம்னு சொல்லிப் பிடுங்கிட்டா அவன்கிட்ட என்ன மிஞ்சும்? நேரா டாக்டர் மேஜைக்குப் போனேன். வேடியப்பனும் பின்னாலயே வந்தான். "டாக்டர், அந்த விழா நடந்துச்சு. நான்தான் மாலை போட்டேன்"னேன்.

டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். "அவர் மேல உங்களுக்கு அக்கறை இருக்கு, புரியுது. ஆனா அவருக்காக ஒத்துப் போனீங்கன்னா அவருக்குத்தான் கெடுதல்."

"ஒத்துப் போகலை டாக்டர். நடந்துச்சு. வாழை நார்ல மாலை."

"வாழை நார்லயா?"

"நூல் கூடாது இல்ல? தலையைக் குனிஞ்சா பூ விழும்."

"ஜெயிலர் டம்ளர்ல பேசினார்?"

"பேசினார் டாக்டர். கீழ வைக்கவே இல்லை. கண்ணே கலங்கிடுச்சு அவருக்கு."

டாக்டர் நாற்காலியை என் பக்கமா இழுத்துப் போட்டுக்கிட்டார். குரல் ரொம்ப மெதுவா, இதமா ஆயிடுச்சு. "வேலையில ரொம்ப அலைச்சலோ? தூக்கம் எல்லாம் எப்படி இருக்கு உங்களுக்கு?"

"தூக்கம் நல்லாத்தான் வருது."

"அந்தச் சுவர்... அதுல உங்களுக்கு எதாவது?"

"எனக்கு என்ன டாக்டர், ஒண்ணும் கிடையாது. காலையில ரவுண்ட்ஸ் போறப்போ ஒரு தடவை காதை வச்சுப் பார்ப்பேன், அவ்வளவுதான். சார்ஜ் வாங்கிட்டேன் இல்ல?"

டாக்டர் பேனாவைக் கீழ வச்சிட்டார். ஒரு நர்ஸம்மா வேற வந்து எனக்குத் தண்ணி குடுக்கிறாங்க. நான் குரலை உசத்த உசத்த அவங்க ரெண்டு பேரும் குரலைத் தணிச்சுக்கிட்டே போறாங்க. எனக்கு வேர்த்துப் போச்சு சார்.

அப்போ பின்னாலேருந்து ஒரு சத்தம். திரும்பிப் பார்க்கிறேன், வேடியப்பன் சிரிக்கிறான். அவன் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வரச் சிரிக்கிறான். டாக்டர் முன்னாடி வந்து நின்னு கேட்டான்:

"டாக்டர், பைத்தியம் ஆளாளுக்குத் தனித்தனியாத்தானே பிடிக்கும்? எங்க ரெண்டு பேருக்கும் எப்படி டாக்டர் அதே வாழை நாரு, அதே டம்ளரு?"

டாக்டர் என்னைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். அப்புறம் அவருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சு முடிச்சு, வேடியப்பன் கையைப் பிடிச்சுக்கிட்டு, "தப்பு என்னோடதுதாங்க. விழா நடந்திருக்கு"ன்னார்.

வேடியப்பன் கண்ணைத் துடைச்சிக்கிட்டான். சட்டையை இழுத்துச் சரி பண்ணிக்கிட்டான்.  அப்புறம் என்கிட்ட வந்து, மத்தவங்களுக்குக் கேட்காம, மெல்லக் கேட்டான் சார்.

"நான் அன்னிக்கு நல்லாப் பேசினேனா?"